ஒரே இடத்தில் நான்கு ஆண்டுகள்

2023 ஜூலை 10, திங்கள்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, இட்லி ஊற்றிவைத்துவிட்டுக் குளித்தேன். ஐந்து நாற்பதுக்கு என் கணவரின் விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 212. நோட்டில் எழுதிக்கொண்டேன். பிரிட்ஜ் கதவிலிருந்த இன்சுலின் குப்பியை எடுத்து, குளிர்ச்சி போகும்வரை உள்ளங்கையில் வைத்திருந்து, சிரிஞ்சில் முப்பத்து நான்கு யூனிட் ஏற்றினேன். அவர் பனியனைத் தூக்கி மோவாயில் இடுக்கிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, செல்போனில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை அவர் வயிற்றின்மேல் வைத்தேன். தட்டு ஆடியது.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அளவு அறையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இயந்திரத்திலிருந்து வரும் பாகங்கள் வரைபடத்தில் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், பார்க்கும் கருவிகளே சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. ஆயிரம் பாகங்களிலும் ஒரே இடத்தில் துளை விழ வேண்டுமென்றால் ஆளின் கண்ணை நம்ப மாட்டோம். பாகத்தைப் பிடித்துவைத்துத் துளைப்பானுக்கு வழிகாட்ட ஒரு ஃபிக்ஸ்சர் செய்துவிடுவோம். 2019இல் மாத்திரை போதாமல் இன்சுலின் தொடங்கியபோது, ஊசி போடும் வேலை எனக்கு வந்தது. அவர் ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர். முதல் வாரமே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தட்டு வெட்டிக்கொண்டேன். நடுவில் தொப்புளுக்கு நேராக ஒரு பெரிய துளை. அதற்கு இடப்புறமும் வலப்புறமும் ஐம்பது மில்லிமீட்டர் தள்ளி இரண்டு சிறிய துளைகள். காலை ஊசிக்கு இடது, மாலை ஊசிக்கு வலது. நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் ஊசி இடம் தவறவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குப்பியோடு வரும் காகிதத்தில் தினமும் இடத்தை மாற்றும்படி பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்திருந்தேன். ஒரு இடத்தைத் திரும்பச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதியது என்று எண்ணிக்கொண்டேன்.

அளவு அறையில் சமதளக் கல்லின்மேல் வைத்த பாகம் ஆடினால், அடியில் எங்கோ பிசிறு இருக்கிறது என்று பொருள். தட்டை எடுத்துவிட்டு விரலால் தடவினேன். இடப்பக்கம், தோலுக்கு அடியில், கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஒரு கட்டி. வலப்பக்கம் பட்டாணி அளவில் இன்னொன்று.

"இது எத்தினி நாளா இருக்குது?"

"எது?"

"இந்தக் கட்டி."

"அதுவா? அது ரொம்ப நாளா இருக்குது. அங்க குத்துனா வலிக்கவே மாட்டேங்குது. உன் கைராசின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்றும் அங்கேயே போட்டேன். ஆறு நாற்பத்தைந்துக்கு வண்டி எடுக்க வேண்டும். வேறு எங்கே போடுவது என்று யோசிக்க நேரமில்லை.

வண்டி என்றால் எங்கள் தொழிற்சாலையின் பேருந்து. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் அந்தப் பேருந்தைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டுபவர் என் கணவர். நானும் அதில்தான் வேலைக்குப் போகிறேன், முன்பக்கம் பெண்கள் வரிசையில் இரண்டாவது இருக்கை. சாமல்பட்டி ரயில் நிலையத்தில் சரக்கு லாரிக்குக் கிளீனராக நின்றவர், ஸ்டீயரிங் பிடித்த நாளிலிருந்து வேறு எந்த வேலையையும் வேலையாக மதித்ததில்லை.

ஒவ்வோர் அக்டோபரிலும் தொழிற்சாலை மருத்துவர் ஓட்டுநர்களைப் பரிசோதித்துத் தகுதிச் சீட்டு தருவார். சென்ற முறை இவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு பத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த அக்டோபருக்குள் எட்டுக்குக் கீழே வர வேண்டும், வீட்டில் பார்க்கும் அளவுகளை எழுதிய நோட்டையும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். இறக்கியவர்களை யார்டில் வண்டி கழுவவும் டீசல் கணக்கு பார்க்கவும் போடுவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்ப ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததில்லை. நாங்கள் சாப்பாட்டைக் குறைத்தோம், யூனிட்டைக் கூட்டினோம். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை.

ஜூலை 13, வியாழக்கிழமை, ஓசூரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரைப் பார்த்தோம். கன்னடம் பேசும் பெண்மணி. என்னைவிடச் சிறியவர். கட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, எத்தனை ஆண்டுகளாக இதே இடம் என்று கேட்டார். கைப்பையிலிருந்து தட்டை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நோடிம்மா, பாருங்க, கொழுப்புக் கட்டின்னா மெத்துனு இருக்கும். இது கல்லு மாதிரி இருக்கு. ஊசி வெச்சு கொஞ்சம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பலாம்."

"கேன்சருங்களா டாக்டர்?" என்றார் என் கணவர்.

"அப்படித் தெரியலை சார். நீங்க போட்ட மருந்தே உள்ள போகாம அங்கயே நின்னு கட்டியா ஆயிருக்கும்னு தோணுது."

பிறகு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். இன்சுலின் ஒரு புரதம். ஒவ்வொரு துகளும் தனக்கென்று ஒரு மடிப்போடு தனித்தனியாகக் கரைந்து இருக்க வேண்டியது. உடல் சூட்டில், ஒரே இடத்தில், நாள்தோறும் வந்து சேரும்போது சிலவற்றின் மடிப்பு விரிந்துபோகும். விரிந்தவை ஒன்றோடு ஒன்று ஒட்டப் பார்க்கும். முதலில் நாலைந்து சேர்வதுதான் கடினம். சேரும், பிரியும், மறுபடி சேரும். எப்போதாவது ஒரு சிறு முனை பிரியாமல் நின்றுவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொன்றும் அந்த முனையில் வந்து ஒட்டுவது எளிது. அது இழையாக நீளும். நீண்ட இழை எங்காவது உடையும். உடைந்த இடத்தில் புதிதாக இரண்டு முனைகள் கிடைக்கும், அவற்றிலும் வந்து ஒட்டும். இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து கற்றையாகும், கற்றைகள் சேர்ந்து கட்டியாகும்.

எனக்கு அளவு அறையின் ஸ்லிப் கேஜ்கள் நினைவுக்கு வந்தன. துல்லியமான கனத்தில் செய்த சிறு எஃகுக் கட்டைகள் அவை. முகம் அவ்வளவு வழவழப்பாக இருப்பதால், இரண்டை முகத்தோடு முகம் வைத்துத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் பசை கிடையாது, காந்தமும் கிடையாது. நேராக இழுத்தால் பிரியாது, நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒட்டியபடி பல நாள் விட்டுவிட்டால் பிரிக்கவே முடியாமல் போய்விடும். அதனால் தினமும் மாலையில் அவற்றைப் பிரித்து, துடைத்து, தனித்தனிக் குழியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு மாலைகூட அதை மறந்ததில்லை.

மருத்துவர் அன்றே ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டார். எங்களுக்குச் சொன்னது இரண்டு. அந்த இரண்டு இடங்களிலும் இனி ஊசி போடக் கூடாது. இடத்தை மாற்றும்போது யூனிட்டைக் கட்டாயம் குறைக்க வேண்டும், ஏனென்றால் நல்ல தோலில் முப்பத்து நான்கும் முழுதாக உள்ளே போய்ச் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். "காலைல இருபது போதும். மாத்தின மூணு நாள் வண்டி எடுக்காதீங்க" என்றார்.

மறுநாள் காலை, கட்டியிலிருந்து நான்கு விரல் மேலே, இருபது யூனிட் போடப் போனேன். ஊசி நுனி பட்டதுமே கத்திவிட்டார்.

"நாய் கடிச்ச மாதிரி இருக்குது! பழைய எடத்துலயே போடு."

"டாக்டர் சொன்னது காதுல வுழலையா?"

"வுழுந்துச்சு. சக்கரை ஏறுனா வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. இறங்குனாதான் வண்டி போய்ப் புளியமரத்துல நிக்கும். அக்டோபர் டெஸ்ட்டு முடியட்டும், அப்பறம் நீ எங்க வேணா குத்து, காதுல கூட குத்து."

"சக்கரை ஏறியே இருந்தா டெஸ்ட்ல எப்படிப் பாஸ் ஆவீங்க?"

"இன்னும் நாலு யூனிட்டு ஏத்து. தண்ணி மாதிரி இருக்கிற மருந்து எப்படிம்மா கட்டியாவும்? அந்தம்மா படம் நல்லா போடுது, அவ்ளோதான்."

சர்க்கரை இறங்கினால் ஆபத்து என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னால் நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஓட்டுபவர் அப்படித்தான் நினைப்பார். பழைய இடத்திலேயே போட்டேன். மருத்துவர் சொன்ன பிறகும் மூன்று வாரம் அப்படியே போட்டேன்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வீட்டில் காலாவதியான குப்பிகள் இரண்டு இருந்தன. இரண்டும் தண்ணீர் போலத் தெளிவு. ஜூலை 17, திங்கள்கிழமை காலை, ஒன்றைத் துணியில் சுற்றி ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து, அவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடியின்மேல் கயிற்றால் கட்டினேன். அந்த மூடி கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். நாள் முழுதும் அதிர்ந்துகொண்டும் இருக்கும். இன்சுலினைக் கெடுக்கச் சூடும் குலுக்கலும் வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இல்லை.

ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"அண்ணா, டப்பால என்ன, கருவாட்டுக் கொழம்பா?"

"எங்க வூட்டம்மா லேப் வெச்சிருக்காங்க. தொடாத, வெடிச்சிரும்."

"நெஜமாவா அக்கா?"

"அவரு வாயிதான் வெடிக்கும். நீ போய் உக்காரு" என்றேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னல் ஓரத்தில் குப்பியைக் கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். தனி நோட்டில் எழுதுவேன். முதல் நாள், தெளிவு. இரண்டாம் நாள், தெளிவு. ஐந்தாம் நாள், தெளிவு. "லேப் என்னா சொல்லுது?" என்று தினமும் கேட்பார். "தெளிவு" என்பேன். "நான் சொல்லல?" என்பார். ஞாயிறு தவிரப் பதினொரு நாள் அப்படியே எழுதினேன். இடையில், 27ஆம் தேதி, மருத்துவர் தொலைபேசியில் பேசினார். பெங்களூரில் அந்தத் துணுக்குக்குச் சிவப்புச் சாயம் ஏற்றித் தனி ஒளியில் பார்த்தபோது பச்சையாக மின்னியிருக்கிறது. இன்சுலின் இழைகள்தான், சந்தேகமில்லை என்றார். என் கணவர் கேட்டுவிட்டு, "பேரு வெச்சிட்டாங்கல்ல, இருக்கட்டும்" என்றார்.

பன்னிரண்டாம் நாள், ஜூலை 29, சனிக்கிழமை மாலை, குப்பியின் அடியில் ஊதினால் கலைந்துவிடும் போல ஒரு மங்கல். என் கண்ணாடியில் தூசியோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். மங்கல்தான். திங்கட்கிழமை மாலை முழுக் குப்பியும் மோர்த்தண்ணியாகியிருந்தது. சாய்த்தால் கண்ணாடிச் சுவரில் வெள்ளைத் திப்பிகள் ஒட்டி நின்றன. பதினொரு நாள் எதுவும் நடக்கவில்லை. அதன்பின் இரண்டு நாளில் எல்லாம் நடந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை இரவு, சாப்பாடு முடிந்ததும், நான்கு ஆண்டு நோட்டுகளையும் எடுத்துவைத்து வரைபடத் தாளில் அவருடைய காலை யூனிட்டுகளைக் குறித்தேன். இரண்டரை ஆண்டுகள் இருபத்திரண்டிலேயே கோடு படுத்துக் கிடந்தது. பிறகு இருபத்து நான்கு, இருபத்தாறு. கடைசி ஒன்பது மாதத்தில் முப்பத்து நான்குக்கு ஏறியிருந்தது. வயிற்றுக்கும் குப்பிக்கும் ஒரே வடிவம். ஒரே வடிவம் என்பதால் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது என் தொழிலில் முதல் வருடமே கற்பிப்பது. இருந்தாலும் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு படுத்துக் கிடந்த காலத்திலும் உள்ளே சேர்வதும் பிரிவதுமாக ஏதோ நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பதினொரு நாள் "தெளிவு" என்று எழுதினேனே, "என் கண்ணுக்குத் தெளிவு" என்று எழுதியிருந்தால்தான் சரி.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. நோட்டில் தேதி உண்டு, நேரம் உண்டு, சர்க்கரை, யூனிட், சாப்பிட்ட இட்லி எண்ணிக்கை எல்லாம் உண்டு. ஊசி போட்ட இடத்துக்கு மட்டும் கட்டம் இல்லை. மாறாத ஒன்றை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருந்தேன். அளவு அறையின் வெப்பநிலை என்றைக்கும் இருபது டிகிரிதான். அதைத் தினமும் மூன்று முறை எழுதுகிறவள் நான்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்க்கிழமை. இரண்டாவது குப்பியை எடுத்தேன். கலங்கிய முதல் குப்பியிலிருந்து சிரிஞ்சில் ஒரே ஒரு சொட்டு எடுத்து அதில் விட்டேன். சொட்டு விழுந்த இடம்கூடத் தெரியவில்லை, தெளிவாகவே இருந்தது. டப்பாவில் வைத்து இன்ஜின் மூடியில் கட்டினேன். வியாழக்கிழமை மாலை டப்பாவைத் திறந்தவர் அவர்தான். பேருந்தை நிறுத்திவிட்டு, எல்லோரும் இறங்கியபின், ஸ்டீயரிங் முன்னாலேயே உட்கார்ந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முழுதும் வெள்ளை.

"ஒரு சொட்டுதான வுட்ட?"

"ஒரே சொட்டு."

"மொதக் குப்பிக்குப் பன்னெண்டு நாளு ஆச்சு. இது மூணு நாளுலயே?"

"ஆமாங்க. மொதல்ல முனை உண்டாகத்தான் அத்தனை நாள். இதுக்கு முனைய நாமளே குடுத்துட்டோம்."

குப்பியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கை தானாக வயிற்றின் இடப்பக்கம் போனது.

"அப்போ உள்ள இருக்கிற இது, நீ தெனமும் போடுற மருந்தையும் புடிச்சி வெச்சிக்குது."

"அப்படித்தான் தோணுது. ஆனா ஒடம்பும் குப்பியும் ஒண்ணு இல்ல."

"ஒரு தடவையாச்சும் ஆமான்னு மட்டும் சொல்லேன் இன்ஸ்பெக்டரம்மா!"

"ஆமா."

"சரி. நாளைக்கி அந்த டாக்டரம்மாகிட்ட டைம் கேளு."

சனிக்கிழமை மருத்துவரைப் பார்த்தோம். பிளாஸ்டிக் தட்டைத் தான் வைத்துக்கொள்ளலாமா, மற்ற நோயாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு தாளில் வயிற்றையும் தொடைகளையும் வரைந்து இருபத்து நான்கு கட்டங்களாகப் பிரித்து எண் போட்டேன், நாளுக்கு ஒரு கட்டம். நோட்டில் "இடம்" என்று புதிய பத்தி சேர்த்தேன். ஆகஸ்ட் 6, ஞாயிறு காலை, கட்டம் 1, இருபது யூனிட். பல்லைக் கடித்துக்கொண்டார். திங்கள், செவ்வாய், புதன் விடுப்பு. வியாழன் முதல், வண்டி எடுக்கும் முன் விரலில் குத்திப் பார்ப்பது என்று முடிவு.

சர்க்கரை இறங்கியது. 180, 160, இரண்டாவது வாரத்தில் 130. ஒவ்வோர் எண்ணும் எழுதியபின் நோட்டை வாங்கித் தானே ஒருமுறை படிப்பார். "அக்டோபர்ல அந்த டாக்டரு மொகத்த நான் பாக்கணும்" என்பார். பதினைந்து நாளில் பத்து வயது குறைந்தவர் போல நடந்தார்.

ஆகஸ்ட் 21, திங்கள்கிழமை. கட்டம் 16. இருபது யூனிட். புறப்படும் முன் 118. பேட்டரி இறங்கி வண்டி கிளம்பவில்லை என்று கிளீனர் கூப்பிட்டதால், நான்கு இட்லிக்குப் பதில் இரண்டோடு எழுந்து ஓடினார். அதை நான் பார்த்தேன். நோட்டில் "இட்லி 2" என்று எழுதவும் செய்தேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

சூளகிரிக்குச் சற்று முன்னால், ஏழு இருபத்தைந்துக்கு, இடது இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் கட்டினார். நன்றாகத்தான் கட்டினார், அவசரமே இல்லை. "டயர்ல ஏதோ சத்தம் கேக்குது, பாத்துட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் பிடரி முழுதும் நனைந்திருந்ததை இரண்டாவது இருக்கையிலிருந்து பார்த்தேன். நானும் இறங்கினேன். பின் சக்கரத்துக்கு அருகில் ஒரு கையைப் பேருந்தின்மேல் ஊன்றி நின்றார். மற்றக் கை நடுங்கியது.

மீட்டர் என் பையில் இருந்தது. 54. சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் வாயில் கொட்டித் தண்ணீர் கொடுத்தேன். ஜன்னலிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "என்னா அண்ணா, பஞ்சரா? இல்ல ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார். "காத்து கொஞ்சம் கம்மியா இருக்குது, ஒண்ணுமில்லப்பா" என்றார் இவர். பதினைந்து நிமிடம் கழித்து 81. இன்னும் பத்து நிமிடம் கழித்து, நான்கு பிஸ்கட்டுக்குப் பிறகு, 104.

"போலாம்" என்றார்.

வேறு வண்டி வரவழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வரவழைத்தால் காரணம் கேட்பார்கள் என்றும் தோன்றியது. "மெதுவா போங்க" என்றேன். ஓசூர் வரை இருக்கையின் முன்கம்பியைப் பிடித்தபடி அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள்.

அன்று மாலை ஐந்தரைக்கு வீடு. நான் நோட்டை எடுத்து மேசையில் வைத்ததும் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த ஒரு எண்ண மட்டும் எழுதாத."

நான் பேனாவைத் திறக்கவில்லை.

"அக்டோபர்ல அவரு நோட்டப் பொரட்டுவாரு. வண்டி ஓட்டும்போது 54ன்னு பாத்தா அன்னிக்கே எறக்கிருவாரு. அம்பத்திரண்டு வயசுல என்னை யார்டுல நின்னுகினு பஸ் கழுவச் சொல்றியா?"

"நான் எப்பவாச்சும் பொய் எழுதியிருக்கேனா?"

"பொய் எழுதச் சொல்லல. எழுதாதன்னுதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா?"

அவர் தேநீர் குடித்துவிட்டு வெளியே போனார். நான் மேசையிலேயே இருந்தேன். இரண்டும் ஒன்றில்லைதான். நான்கு ஆண்டுகளில் அந்த நோட்டில் ஒரு பொய்கூட இல்லை. ஒரு பத்தி மட்டும் இல்லாமல் இருந்தது. அந்தப் பத்தி இல்லாததால்தான், அவர் வயிற்றில் கட்டி பாக்கு அளவுக்கு வளரும்வரை நான் எதையும் பார்க்கவில்லை. முதல் இழை எந்த நாளில் நின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இந்த 54 அப்படியல்ல, எனக்கு நேரத்தோடு தெரியும். எழுதாமல் விட்டால் அது நோட்டில் இருக்காது, அவ்வளவுதான். அடுத்த முறை 60 வரும்போது, போன முறையே எழுதவில்லையே என்று அதையும் விடுவது எளிதாக இருக்கும். மூன்றாவது முறை யாரும் கேட்கக்கூட வேண்டியிருக்காது. மருத்துவர் படம் போட்டுச் சொன்னதும் அதுதானே, முதலில் சேர்வதுதான் கடினம்.

அதற்கு மறுபுறம், அவருடைய பத்தொன்பது ஆண்டுகள். நான் எழுதும் ஒரு வரியால் அவர் இறங்கினால், யார்டிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு மாலையும் இதே மேசையில்தான் உட்காருவார். அதையும் நினைத்தேன்.

ஆறே காலுக்கு எழுதினேன். தேதி. 7.25. சர்க்கரை 54. யூனிட் 20. இடம் 16. இட்லி 2. குறிப்பு: சூளகிரிக்கு முன், பேருந்து ஓட்டும்போது, வியர்வை, நடுக்கம், தானே ஓரம் கட்டினார். அடுத்த வரி: 7.50, 104, மீண்டும் ஓட்டினார், என் சம்மதத்தோடு. நோட்டை மூடாமல் மேசையிலேயே விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கப் போனேன்.

அவர் திரும்பி வந்து நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எழுதிட்ட."

"ஆமாங்க."

"'என் சம்மதத்தோடு'ன்னு இது எதுக்கு?"

"நடந்தது அதுதான."

"டாக்டரு உன்னையும் கேப்பாரு."

"கேக்கட்டும். நீங்க ரெண்டு இட்லியோட எந்திரிச்சதப் பாத்துட்டு நான்தான் சும்மா இருந்தேன். அதையும் சொல்றேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, நான் வெண்டைக்காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி வண்டில எத்தினி பேரு இருந்தாங்க தெரியுமா?" என்றார்.

"எண்ணல."

"நாப்பத்தி மூணு. சூளகிரிலேந்து ஓசூரு வரைக்கும் அதத்தான் எண்ணிக்கினே வந்தேன். உன்னயும் சேத்து நாப்பத்தி மூணு."

அன்று மாலை ஊசிக்கு இரண்டு யூனிட் குறைத்தேன். சர்க்கரை மருத்துவருக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலைக்குப் பதினாறு போதும், நேரில் வாருங்கள் என்று பதில் வந்தது. அதையும் எழுதினேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. நான் ஐந்து மணிக்கு எழுந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. முன்னறையில் விளக்கு எரிந்தது. விரலில் குத்துவதற்கும் முன்னால், முகம்கூடக் கழுவாமல், தொழிற்சாலையின் போக்குவரத்து மேலாளருக்குப் போன் போட்டிருந்தார். "சார், இன்னிக்கி என் வண்டிக்கு வேற டிரைவரு போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்து சூளகிரிகிட்ட வண்டிய நிறுத்தினேன்ல, அது டயர் இல்ல சார். எனக்குத்தான் சுகர் எறங்கிருச்சு."